பழைய ஃபெல்ட் தொப்பி வாங்குமுன் உள்பக்கத்தைப் பாருங்கள்

பழைய ஃபெல்ட் (கம்பளியையோ உரோமத்தையோ நெய்யாமல் அழுத்திப் பிணைத்த துணி) தொப்பி ஒன்றை வாங்கி, சரிசெய்து, தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படும் தமிழ் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் இருந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்த விவரங்களில் பாதி, தொப்பி விற்பவர்களே எழுதியவை. மீதி, முப்பது வருடமாக இதிலேயே ஊறியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. புதிதாக வருகிறவனுக்கு எது ஆபத்து, எதில் பணம் போகும் என்று நேராகச் சொன்னவர் இல்லை. கடைசியில் 400 டாலருக்கு மேல் போனது. மனைவியின் நல்ல சால்வை ஒன்றும், ஏறக்குறைய ஒரு வருடத்து வார இறுதிகளும் அதோடு போயின. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஆசை ஸ்டைலுக்காக வந்ததில்லை. நான் இருப்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம். தலையில் முடி போய்ப் பல காலம் ஆயிற்று. தோல் மருத்துவர் உச்சந்தலையில் இருந்த ஒரு புள்ளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை தூக்கமில்லை. நல்லவேளை, ஒன்றுமில்லை. ஆனால் இனிமேல் வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதீர்கள், காதும் பிடரியும் மறைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேஸ்பால் தொப்பி இரண்டையும் மறைக்காது. சுற்றிலும் விளிம்பு உள்ள தொப்பிதான் வழி. கடையில் 50 டாலருக்கு ஒரு கம்பளி ஃபெல்ட் தொப்பி வாங்கினேன். ஒரு நல்ல மழையில் அதன் விளிம்பு அலை அலையாகத் தொங்கிப்போனது. அப்புறம்தான் கம்பளி ஃபெல்ட் வேறு, உரோம ஃபெல்ட் வேறு என்று புரிந்தது. புதிய உரோம ஃபெல்ட் தொப்பி நல்லதாக வேண்டுமானால் 300 டாலரைத் தாண்டுகிறது. அதே பணத்துக்கு அறுபது எழுபது வருடத்துப் பழையவை மூன்று வாங்கலாம், தரமும் அவற்றில்தான் கூடுதல் என்று எங்கும் எழுதியிருந்தார்கள். தரம் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான்.

உரோம ஃபெல்ட் என்பது முயல், காட்டு முயல், பீவர் போன்ற விலங்குகளின் மேல்முடியை நீக்கிவிட்டு, அடியில் இருக்கும் மென்மையான உரோமத்தில் செய்வது. நெசவு கிடையாது, தையலும் கிடையாது. ஒவ்வொரு உரோம இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீர், அழுத்தம், அசைவு மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. தொழிற்சாலையில் துளைகள் போட்ட பெரிய செப்புக் கூம்பின் மேல் உரோமத்தைப் பறக்கவிட்டு, உள்ளிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். கூம்பு முழுக்க உரோமம் படியும். அதன்மேல் வெந்நீர் தெளித்து எடுத்தால் முழங்கால் வரை இறங்கும் அளவுக்கு ஒரு தொளதொள கூம்பு கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்ப வெந்நீரில் உருட்டிச் சுருக்கித்தான் தலை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தச் சுருக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பொறுமையாகச் செய்தார்கள். அதனால் பழைய தொப்பி மெல்லியதாக இருக்கும், ஆனால் இறுக்கமாக இருக்கும். கையால் பள்ளம் போட்டால் அப்படியே நிற்கும். தண்ணீரும் ஆவியும் காட்டினால் மறுபடி வேறு உருவம் கொடுக்கலாம். ஃபெல்ட் அவ்வளவு சீக்கிரம் சாகாது. சாவது அதற்குள்ளே தைத்திருக்கும் தோல் பட்டைதான். நெற்றியைத் தொடுகிற அந்தப் பட்டையைத்தான் நான் சொல்கிறேன். பணத்தை எண்ணிக் கொடுக்கும்வரை அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் தொப்பி இணைய ஏலத்தில் வந்தது. பழுப்பு நிறம், 1950கள் என்று போட்டிருந்தார்கள். படங்கள் நிறைய இருந்தன. முன்னால், பின்னால், பக்கவாட்டில், ரிப்பன் முடிச்சு, லைனிங்கில் தங்க எழுத்து. மிக நல்ல நிலை என்று குறிப்பு. 85 டாலர், தபால் செலவு 16. பெட்டியைத் திறந்ததும் மனசு குளிர்ந்தது, அவ்வளவு அழகு. தலையில் வைத்தால் இறங்கவில்லை. உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 7 1/4 என்றுதான் இருந்தது, அது 58 செ.மீ., என் அளவு. டேப் வைத்து அளந்தால் 57 கூட வரவில்லை. பரவாயில்லை, கொஞ்சம் அழுத்திப் போடலாம் என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். உள்ளிருந்த தோல் பட்டை அப்பளம் போல நொறுங்கி, நெற்றிப் பக்கத்தில் நாலு இடத்தில் பிளந்தது. மாவு மாதிரி செந்தூள் கையில் ஒட்டியது. விற்றவருக்கு எழுதினேன். பழைய பொருள், உள்ளபடியே விற்றது, திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. படத்தில் தோல் முழுசாகத்தானே இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். அதில் பொய் இல்லை. முழுசாகத் தெரிவதும் உயிரோடு இருப்பதும் வேறு வேறு, அவ்வளவுதான்.

ஆகவே வாங்குமுன் இதைச் செய்யுங்கள். விற்பவரிடம் சீட்டில் எழுதிய அளவைக் கேட்காதீர்கள். தோல் பட்டையின் உள்சுற்றை டேப்பால் அளந்து செ.மீ. சொல்லச் சொல்லுங்கள். பழைய தொப்பிகள் வியர்வையிலும் மழையிலும் பட்டுப் பட்டுச் சுருங்கியிருக்கும். தோல் சுருங்கும்போது ஃபெல்ட்டையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். அடுத்து, தோல் பட்டையை வெளியே மடக்கி அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மடக்கும்போது விரிசல் விழுகிறதா, ஓரத்தில் தையல் விட்டிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். மடக்கத் தயங்கினார் என்றால் அவருக்கே சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். தொப்பியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஒரு விளக்கு வைத்து ஒரு படம். பூச்சி துளைத்திருந்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். மேல் பள்ளத்தின் முன்முனையில், இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும் இடத்தில், ஒரு படம். அங்கேதான் ஃபெல்ட் முதலில் வெடிக்கும். இன்னொன்று, உங்கள் அளவை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். தோல் பட்டைக்குப் பின்னால் மடித்த காகிதப் பட்டை வைத்தால் சரியாக உட்காரும். சிறிதாக இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். காய்ந்த தோலை இழுத்து அகலப்படுத்துவது நடக்காத காரியம்.

அந்தத் தொப்பியோடு இன்னொரு விருந்தாளியும் வந்திருந்தது. ரிப்பனுக்கு அடியில் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததைத் தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டு, துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். குளிர்காலம் வந்து சால்வையை எடுத்தபோது மனைவி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளுடைய பஷ்மீனா சால்வையில் நடுநடுவே ஓட்டை. துணி அரிக்கும் அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி எதையும் தின்னாது, அதன் புழுதான் தின்கிறது. கம்பளி, உரோமம், இறகு எல்லாம் அதற்கு உணவு. பட்டுத் துணியையும் விடாது. அலமாரியின் கீழ்த்தட்டில் காஞ்சிபுரம் புடவைகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த அந்த மாலையை நான் விவரிக்கப் போவதில்லை. புடவைகள் தப்பின. தப்பியிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையும் வந்திருக்காது.

வீட்டுக்குள் எந்தப் பழைய தொப்பி வந்தாலும் அது நேராகப் போக வேண்டிய இடம் ஃபிரீசர். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, இறுக்க மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், ரிப்பன் இடுக்கு, தோல் பட்டையின் பின்புறம், லைனிங் விளிம்பு எல்லாவற்றையும் பிரஷ்ஷால் நன்றாகத் தட்ட வேண்டும். “என்னங்க, இட்லி மாவு வைக்கிற இடத்துல யாரோ செத்துப்போனவர் தொப்பியை வைக்கிறீங்களே” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கீழறையில் சின்ன ஃபிரீசர் இருந்தால் சண்டை குறையும். பாச்சை உருண்டை போடலாமே என்று நினைக்காதீர்கள். அந்த வாசனை ஃபெல்ட்டில் ஏறினால் மாதக்கணக்கில் இறங்காது, தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் யாரிடமும் நின்று பேச முடியாது.

இனி, என்னை நிஜமாகவே கோபப்படுத்திய பகுதி. பிளந்த தோல் பட்டையை மாற்றி, தொப்பியைச் சுத்தம் செய்து தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் அனுப்பினேன். வேறு மாநிலம். கூலி 190 டாலர், போக வரத் தபால் செலவு 40. ஆறு வாரம் என்றார். மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு வரி பதில் வரும், வேலை நிறைய இருக்கிறது என்று. கடைசியில் ஐந்தாவது மாதம் பெட்டி வந்தது. திறந்து பார்த்ததும் வேறு யாருடையதோ தொப்பி மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். விளிம்பை ஏறக்குறைய அரை அங்குலம் வெட்டியிருந்தார். ஓரம் நைந்திருந்ததாம், நேராக்கினாராம். முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். அந்தப் பழைய பட்டு மாதிரியான மேல்பூ போய், அட்டை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. தோலுக்குப் பதில் ரெக்ஸின் மாதிரி ஒன்று. லைனிங் புதிது. தங்க எழுத்துப் போட்ட பழைய லைனிங் எங்கே என்று கேட்டேன். அழுக்காக இருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டாராம். அந்த லைனிங்கும் அளவுச் சீட்டும்தான் ஒரு தொப்பியின் வயதையும் ஊரையும் சொல்பவை. அவை போனால் அது வெறும் பழைய தொப்பி. அன்று இரவு சாப்பிடக்கூட மனம் வரவில்லை. ஒரு தொப்பிக்கு இவ்வளவா என்று நீங்கள் சிரிக்கலாம், வீட்டிலும் சிரித்தார்கள்.

பழுதுபார்க்கக் கொடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. அருமையான கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், பின்னால் ஒருவரின் வேலையைப் பார்த்து அசந்துபோனேன். கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்பை வெட்டக் கூடாது. கேட்காமல் உப்புத்தாள் போடக் கூடாது. கழற்றிய எந்தத் துண்டையும் எறியக் கூடாது, பையில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். புதுத் தோல் எந்த விலங்கின் தோல் என்று கேளுங்கள். தொப்பியை ஏற்றி உருக்கொடுக்கும் மரக்கட்டை உங்கள் தொப்பியின் வடிவத்துக்கும் அளவுக்கும் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத கட்டையில் ஏற்றினால் தொப்பியின் முகமே மாறிவிடும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன் விளிம்பின் அகலத்தை அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் இருந்திருந்தால் நான் பாதிப் பணமாவது திரும்ப வாங்கியிருப்பேன்.

இதற்குள் இரண்டாவது தொப்பி ஒன்றும் கையில் இருந்தது. பக்கத்து ஊரில் வீட்டுச் சாமான் விற்பனையில் 20 டாலருக்கு எடுத்தது. கறுப்பு, கனமில்லை, விளிம்பு ஓரத்தில் தையலே தெரியவில்லை. இதை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்து, ஒரு காணொளியில் சொன்னபடி அடுப்பில் கெட்டில் வைத்து, ஆவி காட்டிக் காட்டிக் குமிழை, அதாவது தலையை மூடும் மேல்பகுதியை, நிமிர்த்தினேன். சமையலறை, ஜன்னல் சாத்தியிருந்தது, குளிர்காலம். சில வாரம் கழித்து டான்பரி நகர அருங்காட்சியகத்துக்குப் போனேன். எங்கள் மாநிலத்து ஊர்தான். ஒரு காலத்தில் தொப்பி நகரம் என்றே அதற்குப் பெயர். 1780-ல் ஸாடக் பெனடிக்ட் என்பவர் அங்கே தொப்பித் தொழிலைத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அங்கே படித்ததும் வயிற்றில் ஏதோ புரண்டது.

முயல் உரோமம் எளிதில் ஒன்றோடொன்று பிணையாது. அதற்காகத் தோலின் மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். உரோம நுனி ஆரஞ்சு நிறமாக மாறும். பிறகு அந்த உரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் போட்டு வேலை செய்யும்போது பாதரசம் ஆவியாகும். காற்றோட்டமில்லாத பட்டறைகளில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், கூச்சமும் எரிச்சலும் மாறி மாறி வரும். அந்த நோய்க்கே டான்பரி நடுக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் தொப்பித் தொழிலில் பாதரசத்தை நிறுத்தினார்கள். டான்பரி வழியாக ஓடும் ஸ்டில் நதியின் வண்டலில் தொழிற்சாலைகள் விட்ட பாதரசம் இன்னமும் கிடக்கிறது. பழைய ஃபெல்ட் தொப்பிகளில் பாதரசம் மிச்சம் இருப்பதை அருங்காட்சியகத்தார் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நானோ சமையலறையில் ஆவி காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சின்னக் குழந்தை.

உடனே ஓடிவந்து தோல் பட்டையை மடக்கிப் பார்த்தேன். பின்புறத்தில், ஓரத்தில் துளைத் துளையாக வெட்டிய, தபால்தலை மாதிரி ஒரு சின்னக் காகிதம். தொழிற்சங்கச் சீட்டு. யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா என்று இருந்தது. அந்தச் சங்கம் 1934-ல் வேறொரு சங்கத்தோடு இணைந்து பெயரே மாறிவிட்டது. ஆக, தொப்பி அதற்கு முந்தையது. பாதரசக் காலம். மருத்துவரிடம் சொல்லி ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தோம், கவலைப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த ஒரு வாரக் கவலைக்கு விலை போட முடியாது.

அந்தச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டான்பரியில் லோவி என்பவரின் தொப்பிக் கம்பெனியில் சங்கத்தை ஏற்க மறுத்ததால் 1902-ல் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தத் தொப்பிகளை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கத் தொழிலாளர்கள் பிரசாரம் செய்தார்கள். முதலாளி வழக்குப் போட்டார். 1908-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சாதாரணத் தொழிலாளிகளின் வீடும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன. ஒரு தொப்பிக்குள் சங்கச் சீட்டு இருக்கிறதா இல்லையா என்பது அன்று அவ்வளவு பெரிய விஷயம். அதனால் தோல் பட்டையை மாற்றும்போது அந்தச் சீட்டை யாராவது கிழித்து எறிந்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

நடைமுறையில் என்ன செய்வது? 1941-க்கு முந்தையது என்று தெரிந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ, அதை அணிவதற்கு வாங்காதீர்கள். ஆவி காட்டாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், வீட்டுக்குள் தட்டாதீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள், மூடிய பெட்டியில் வையுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அழகு பார்க்க மட்டும். போட்டுக்கொள்ள வேண்டுமானால் 1940களின் பிற்பகுதி முதல் 1960கள் வரை வந்த அமெரிக்கத் தொப்பிகளைத் தேடுங்கள். ஃபெல்ட்டின் தரமும் நன்றாக இருக்கும், பாதரசப் பயமும் இல்லை. என் கறுப்புத் தொப்பி இப்போது பெட்டிக்குள். அதன் விளிம்பு ஓரம் ஏன் தையலில்லாமல் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. விளிம்பை மடித்துத் தைக்காமல், ஃபெல்ட்டாகப் பிணையும்போதே ஓரத்தைத் தடித்துச் சேரவைக்கும் ஒரு முறை உண்டு. காவனா விளிம்பு என்பார்கள். எங்கள் மாநிலத்துச் சவுத் நார்வாக் ஊரில் இருந்த கிராஃபட் அண்ட் நாப் கம்பெனிக்காரர்களின் வித்தை. தடவிப் பார்த்தால் எங்கே மடிப்பு முடிகிறது என்றே தெரியாது.

மூன்றாவது தொப்பியில்தான் கைகூடியது. 1950களின் சாம்பல் நிற ஸ்டெட்சன் (பேர்பெற்ற அமெரிக்கத் தொப்பிக் கம்பெனி), 60 டாலர், அளவு கேட்டு, தோலை மடக்கிய படம் வாங்கி, பார்த்து வாங்கியது. தோல் ஓரத்தில் மட்டும் தையல் விட்டிருந்தது. ஸ்டெட்சன் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய பெரிய பிலடெல்ஃபியா தொழிற்சாலை 1971-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வேறு இடங்களில் செய்தவை பல தரத்தில் இருக்கின்றன. உள்ளே 3 எக்ஸ், 4 எக்ஸ் என்று ஃபெல்ட்டின் தரக்குறி போட்டிருப்பதும் அப்படித்தான். அதற்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. பழைய 3 எக்ஸ் ஒன்று இன்றைய பெரிய எண் தொப்பிகளைச் சாதாரணமாகத் தோற்கடிக்கும். விரலால் தடவுங்கள், விளிம்பைச் சுண்டிப் பாருங்கள், எடையைப் பாருங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள்.

சுத்தம் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் பிரஷ். குதிரைமுடி மாதிரி மென்மையான பிரஷ், வெளிர் நிறத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று தனித்தனியாக. உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, பெரும்பாலும் மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, தேய்க்க வேண்டும். பாதி அழுக்கு என்று நினைத்தது தூசிதான், போய்விடும். அடுத்து உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச். புகைக்கரி மாதிரி கறைகளை அது எடுத்துவிடும். ரிப்பனுக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்த இடத்தில் சோளமாவைத் தூவி, ஒரு இரவு விட்டு, பிரஷ் போட்டேன். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. இதற்கு மேல் போகாத கறைக்குச் சிலர் நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானை வாங்கித் தொப்பியையே அதில் முக்கி எடுக்கிறார்கள். பலன் நன்றாக இருக்கிறது என்பது உண்மை. பெட்ரோல் மாதிரி பற்றும் என்பதும் உண்மை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் கறை இருந்தால் என்ன, எழுபது வயதுக்கு அது அழகுதான்.

ஆவி காட்டுமுன் தோல் பட்டையை வெளியே மடக்கிவிட வேண்டும், ஆவி அதில் படவே கூடாது. இதை நூறு முறை சொன்னாலும் தகும். நாள்பட்ட தோல் புதுத் தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் அது சுருண்டு விறைத்தால், பிறகு எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது. ஃபெல்ட்டுக்கும் கெட்டிலின் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, நனையாமல், இளகும் வரை மட்டும் காட்டுங்கள். பிறகு விரலால் மெதுவாக உருக்கொடுத்து ஆறவிடுங்கள். விளிம்பு கோணலாக இருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், இழுக்காதீர்கள். ஃபெல்ட்டை விறைப்பாக்க அன்று பயன்படுத்தியது அரக்கு. அதில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து கப்பலேறியதுதான். ஆவி பட்டதும் அந்த அரக்கு இளகி, ஆறியதும் மறுபடி விறைக்கும். நாம் போடும் பள்ளம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விட்டுப்போன தையலை நானே போட முயன்று விரலில் ரத்தம் வந்தது. அப்போது ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். ஐம்பது வருடமாக ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்ட கை. “இங்க குடுங்க மாப்பிள்ளை” என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய துளைகளிலேயே ஊசியை நுழைத்துச் சுற்று முழுவதையும் ஒரு மாலையில் முடித்துக் கொடுத்தார். புதுத் துளை போட்டால் பழைய தோல் தபால்தலை மாதிரி கிழியும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்ததும் தெரிந்தது. வெளியே தெரியும் நூலை ரிப்பன் மறைத்துவிடும். அதனால் ரிப்பனின் தையலை முதலில் பிரித்து மேலே தள்ளிக்கொண்டு, கடைசியில் மறுபடி தைக்க வேண்டும். நைலான் நூல் வேண்டாம், அது தோலை அறுக்கும். பருத்தி நூல் போதும். முழுத் தோலையும் மாற்ற வேண்டியிருந்தால் ஆட்டுத்தோலில் தயாரான பட்டைகள் 25 டாலர் அளவில் கிடைக்கின்றன. என்னிடம் 190 வாங்கியவர் அதைக்கூடப் போடவில்லை.

இப்போது அந்தச் சாம்பல் தொப்பியைத்தான் தினமும் போட்டுக்கொண்டு ரயிலேறுகிறேன். ஜெய்சங்கர் படத்தில் குதிரை ஏறி வருகிறவர் மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் விளிம்பைப் பிடியுங்கள், மேலே கிள்ளிப் பிடிக்கும் சினிமாப் பழக்கம் வேண்டாம், அங்கேதான் விரிசல் விழும். மழையில் நனைந்தால் ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தோல் பட்டையைக் கீழே மடக்கி, அதன்மேல் தொப்பியை நிற்கவைத்து, தானாக உலரவிடுங்கள். விளிம்பு தரையில் படாது, தோலும் ஃபெல்ட்டைச் சுருக்கி இழுக்காது. கோடையில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேஜையில் வைக்கும்போது தலைகீழாக, குமிழ் கீழே இருக்கும்படி வையுங்கள். உப்புத்தாள் பட்ட பழுப்புத் தொப்பியை விற்கவும் மனமில்லை, போடவும் முடியவில்லை. அளவு 57-க்கும் குறைவாக உள்ள தலை யாருக்காவது இருந்தால், தபால் செலவு மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஃபிரீசரில் வைத்துத்தான் அனுப்புவேன்.